பக்கத்து வீட்டு அம்மாவோட 1968 பான்டியாக் ஜிடிஓ கார்: அப்படியே தானமா குடுக்கறதா, வித்து காசா குடுக்கறதா?

வுட்வர்ட்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். டெட்ராய்ட் பக்கத்துல ராயல் ஓக்ல இருக்கேன். பக்கத்து வீட்ல ஒரு வெள்ளைக்கார அம்மா, எண்பதை நெருங்குறாங்க, வீட்டுக்காரர் இந்த வருஷம் (2025) ஜனவரில தவறிட்டார். அவர் பான்டியாக் ஃபேக்டரில காலம் பூரா வேலை பார்த்தவர், 1968ல புதுசா எடுத்த ஜிடிஓ ஒண்ணு இன்னும் கராஜ்லயே நிக்குது. 400 க்யூபிக் இன்ச் இன்ஜின், 4 ஸ்பீட் கியர், இன்ஜின் சுத்தற வேகம் காட்டற டேக்கோமீட்டர் டேஷ்ல இல்லாம வெளியில ஹூட் (பானட்) மேல உக்காந்திருக்கும், பச்சை கலர். ஸ்டார்ட் ஆகுது, பிரேக் மட்டும் சரியா பிடிக்கல, பின் கண்ணாடிக்குக் கீழயும் டிக்கி தரையிலயும் துரு இருக்கு, மத்தபடி பாடி நல்லாத்தான் இருக்கு.

அந்தம்மாவுக்கு பசங்க இல்ல. காரை குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு தானமா குடுக்கணும்னு ஆசைப்படறாங்க, அவங்க வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்லிட்டு இருந்தாராம். விளம்பரத்துல பார்த்த ஒரு நம்பருக்கு ஃபோன் பண்ணியிருக்காங்க, டோ ட்ரக் ஃப்ரீயா அனுப்பறோம், டாக்ஸ்ல கழிச்சுக்கலாம், டைட்டிலை (காரோட உரிமைப் பத்திரம்) மட்டும் கையெழுத்து போட்டு வைங்கன்னு சொல்லிட்டாங்களாம். வர்ற வாரமே வண்டி வருது. போன வருஷம் இன்சூரன்ஸுக்காக ஒருத்தர் வந்து பார்த்து 38,000 டாலர்னு எழுதிக் குடுத்த பேப்பர் ஒண்ணு இருக்கு. நீதான் இன்ஜினியராச்சே விசாரிச்சு சொல்லுப்பான்னு என்கிட்ட கேக்கறாங்க, எனக்கு கார் பத்தியும் அவ்வளவா தெரியாது டாக்ஸ் பத்தியும் தெரியாது. என்ன பண்ணலாம்?

கணக்குப்பிள்ளை:
முதல்ல அந்த டோ ட்ரக்கை கேன்சல் பண்ண சொல்லுங்க தம்பி, மீதியெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நான் நியூஜெர்சில டாக்ஸ் ஃபைல் பண்ற வேலைல இருக்கேன், இந்த மாதிரி கேஸ் வருஷா வருஷம் வருது, வர்றப்ப கார் ஏற்கனவே போயிருக்கும், பேப்பர் மட்டும்தான் கையில இருக்கும்.

விஷயம் இதுதான். முன்னாடியெல்லாம் காரை குடுத்துட்டு புக்ல என்ன மதிப்பு போட்டிருக்கோ அதை அப்படியே கழிச்சுக்குவாங்க. 2003ல அமெரிக்க காங்கிரஸோட தணிக்கை அமைப்பு ஜிஏஓ ஒரு ரிப்போர்ட் விட்டாங்க, 54 காரை எடுத்து கடைசி வரைக்கும் பின்னாடியே போய் பார்த்ததுல மூணுல ரெண்டு பங்கு காருக்கு, குடுத்தவர் கழிச்ச தொகைல 5 சதவீதமோ அதுக்கும் கம்மியாவோதான் தர்ம ஸ்தாபனத்தோட கைக்கு வந்திருக்கு. அதனால 2004ல சட்டத்தை மாத்தி 2005 ஜனவரிலேர்ந்து, 500 டாலருக்கு மேல கழிக்கணும்னா அந்த ஸ்தாபனம் காரை என்ன விலைக்கு வித்துச்சோ அந்த விலைதான் உங்க வரிக் கழிவுன்னு ஆக்கிட்டாங்க. வித்த 30 நாளைக்குள்ள 1098-சின்னு ஒரு ஃபார்ம் அனுப்புவாங்க, அதுல வித்த விலை போட்டிருக்கும், அதை ரிட்டர்னோட சேர்த்து வைக்கணும்.

டோ ட்ரக்ல போற கார் பெரும்பாலும் டீலருங்க மட்டும் வாங்கற ஹோல்சேல் ஏலத்துக்குத்தான் போகும். அங்க ஜிடிஓவும் ஒண்ணுதான் பழைய மினிவேனும் ஒண்ணுதான், வரிசைல வரும், ரெண்டு நிமிஷத்துல சுத்தியல் தட்டிடுவாங்க. 38,000 மதிப்புள்ள கார் 14,000க்கு போச்சுன்னு வைங்க, அந்தம்மாவோட கழிவு 14,000. ஆஸ்பத்திரிக்கு போறது அதுவும் இல்ல, டோ செலவு ஏலச் செலவு நடுவுல இருக்கற கம்பெனியோட பங்கு எல்லாம் போக மீதிதான்.

மோப்பார்_மாமா:
நான் டாட்ஜ் ஆளு, ஆனாலும் 68 ஜிடிஓன்னா மரியாதை தனி. அந்த வருஷம் மோட்டார் ட்ரெண்ட் பத்திரிகை கார் ஆஃப் தி இயர் குடுத்ததே இதுக்குத்தான், முன்னாடி பம்பர் க்ரோம் இல்லாம பாடி கலர்லயே ரப்பர் மாதிரி ஒரு பொருள்ல பண்ணியிருப்பாங்க, என்டியூரான்னு பேரு, சுத்தியலால அடிச்சாலும் நசுங்காதுன்னு விளம்பரமே பண்ணினாங்க.

வுட்வர்ட்வாசி தம்பி, விலை பேசறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. டேஷ்போர்டு மேல டிரைவர் பக்கம் கண்ணாடி வழியா வின் நம்பர் (காரோட அடையாள எண்) தெரியும், 242ன்னு ஆரம்பிக்குதான்னு பாருங்க. 2ன்னா பான்டியாக், 42ன்னா நிஜ ஜிடிஓ. 237ன்னு ஆரம்பிச்சா அது லெமான்ஸ்ங்கற சாதாரண பான்டியாக் மாடல், யாரோ பின்னாடி பேட்ஜ் ஒட்டினது, விலை பாதிக்குக் கீழ வந்துடும். முதல் ஓனரே வச்சிருந்த கார்ங்கறதால அந்த பயம் இருக்காது, ஆனாலும் வாங்க வர்றவன் முதல்ல அதைத்தான் பார்ப்பான். அடுத்து ஹூட்டைத் தூக்கி இன்ஜினுக்கு முன்பக்கம், பாசஞ்சர் சைடுல, சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழ துணியால துடைச்சு பாருங்க, கிரீஸ் அப்பியிருக்கும். ரெண்டு எழுத்து கோட் அடிச்சிருக்கும், 4 ஸ்பீட் 350 குதிரைசக்தி இன்ஜின்னா டபிள்யூடின்னு இருக்கணும். பக்கத்துலயே வின் நம்பரோட கடைசி எண்களும் அடிச்சிருக்கும். அது டேஷ்ல இருக்கற நம்பரோட ஒத்துப்போனா ஒரிஜினல் இன்ஜின். மூணாவது, பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்னு ஒருத்தங்க இருக்காங்க, வின் நம்பர் குடுத்து பணம் கட்டினா ஃபேக்டரி பில்லோட காப்பி அனுப்புவாங்க, எந்த கியர்பாக்ஸ் என்ன ஆப்ஷன்னு எல்லாம் அதுல இருக்கும். அந்த பேப்பர் கையில இருந்தா விலை பேசறவன் வாயே திறக்க மாட்டான்.

இன்னொண்ணு, யார் பேச்சையும் கேட்டு பெயின்ட் அடிச்சுடாதீங்க. ஒரே ஓனர், பழைய பெயின்ட், பழைய பில்லுங்க, அதுக்குன்னே தனி மார்க்கெட் இருக்கு.

வுட்வர்ட்வாசி:
ரொம்ப நன்றி மாமா. டோ ட்ரக்கை கேன்சல் பண்ணிட்டோம். இப்பதான் டார்ச் அடிச்சு பார்த்துட்டு வர்றேன், 242தான், இன்ஜின்ல டபிள்யூடின்னு தெளிவா தெரியுது, நம்பரும் ஒத்துப் போகுது. அந்தம்மா ஒரு ஷூ டப்பா எடுத்துட்டு வந்து குடுத்தாங்க, டீலர் பில், ஆயில் மாத்தின தேதியெல்லாம் அவர் பென்சில்ல எழுதி வச்ச நோட்டு, எல்லாம் உள்ள இருக்கு. டைட்டில் அவர் பேர்ல மட்டும்தான் இருக்கு.

ஒஹையோக்காரன்:
எல்லாரும் டோ ட்ரக் ப்ரோக்ராமை ஒரேயடியா திட்டறது எனக்கு சரியா படல. நான் என்னோட பழைய கரோலாவை எங்க ஊர் பப்ளிக் ரேடியோவுக்கு அப்படித்தான் குடுத்தேன், கியர்பாக்ஸ் போயிடுச்சு, விக்கணும்னா நானே டோ பண்ணி இழுத்துட்டு அலையணும். ஒரு ஃபோன்ல முடிஞ்சுது, அவங்களுக்கும் ஏதோ வந்துது. வயசான ஒருத்தங்களை, அதுவும் வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம் கூட ஆகாத நேரத்துல, கண்டவனையும் வீட்டுக்கு வரவச்சு பேரம் பேச வைக்கணுமா? அவங்களுக்கு நிம்மதி முக்கியம் இல்லையா?

கணக்குப்பிள்ளை:
கரோலாவுக்கு நீங்க பண்ணினது ரொம்ப சரி, நானே அதைத்தான் சொல்லுவேன். 500 டாலருக்குக் கீழ வித்தா கூட 500 வரைக்கும் நியாயமான மதிப்பை கழிச்சுக்கலாம், அலைச்சலும் இல்ல. ஓடாத காருக்கு, நாலஞ்சாயிரத்துக்குள்ள போற காருக்கு அதுதான் வழி. ஆனா இது 38,000 பக்கம். நடுவுல காணாமப் போகப் போறது இருபதாயிரத்துக்கு மேல, அது குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பணம். அந்தம்மா அலைய வேண்டாம், அதுக்குத்தானே பக்கத்து வீட்டு தம்பி இருக்கார்.

கார்பரேட்டர்:
நேரா பாரெட்-ஜாக்சன்னு பெரிய கார் ஏலம் இருக்கே, அதுல சாரிட்டின்னு போட்டு விடலாமே? அங்க 2020ல முதல் சி8 கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் 3 மில்லியன் டாலருக்குப் போச்சு, அத்தனையும் டெட்ராய்ட் குழந்தைங்க ஃபண்டுக்குத்தான் குடுத்தாங்க. டெட்ராய்ட் கார், டெட்ராய்ட் குழந்தைங்க, பொருத்தமா இருக்கும்.

மோப்பார்_மாமா:
அது நம்பர் 001 காருப்பா, கம்பெனியே குடுத்தது, வாங்கினது ரிக் ஹென்ட்ரிக், அவர் வாங்கறது காருக்காக மட்டும் இல்ல. 68ல மட்டும் ஜிடிஓ 87,684 பண்ணியிருக்காங்க. அருமையான கார், ஆனா அபூர்வமான கார் இல்ல. ராம் ஏர்னு பவர் கூடின அபூர்வ இன்ஜினா இருந்தா கதை வேற. இந்த மாதிரி காருக்கு சரியான இடம் ஆன்லைன் ஏலம், இல்லேன்னா ஜிடிஓ கிளப். ஜிடிஓ அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கான்னு இருக்கு, ஊருக்கு ஊர் கிளை இருக்கு, மிச்சிகன்ல கேக்கவே வேண்டாம். கிளப் ஆள் ஒருத்தரை வரச் சொன்னா லிஃப்ட்ல ஏத்தி கீழ ஃப்ரேம் பார்த்து நேர்மையா சொல்லுவாங்க. மிச்சிகன் உப்பு ரோட்டுல ஓடின காருக்கு ஃப்ரேம்தான் உயிர்.

டக்கோமா_அக்கா:
ஏன் எல்லாரும் விக்கறது பத்தியே பேசறீங்க? காராவே உபயோகப்படற இடத்துக்குக் குடுக்கலாமே. கன்சாஸ்ல மெக்ஃபர்சன் காலேஜ்னு ஒண்ணு இருக்கு, பழைய கார் ரெஸ்டோரேஷனுக்குன்னே 4 வருஷ டிகிரி குடுக்கறாங்க. அந்தப் படிப்பு ஆரம்பிச்சதே 1976ல ஒருத்தர் தன்னோட பழைய கார் கலெக்‌ஷனைக் குடுத்ததாலதான். அங்க பசங்க மெஷினிங், பெயின்ட், தையல் எல்லாம் கையால கத்துக்கறாங்க, 2023ல அவங்க பண்ணின பழைய மெர்சிடிஸ் பெப்பிள் பீச் பழைய கார் போட்டில அந்தப் பிரிவுல ரெண்டாவது பரிசு வாங்குச்சு. உங்க மிச்சிகன்லயே ஹிக்கரி கார்னர்ஸ்ல கில்மோர் கார் மியூசியம் இருக்கு. நான் இங்க டக்கோமால அமெரிக்காஸ் கார் மியூசியத்துல வாரக்கடைசில வாலண்டியரா இருக்கேன், வர்ற பசங்க ஒரு பழைய காரோட ஹூட்டைத் திறந்து காட்டினா எப்படி நிக்கறாங்கன்னு நேர்ல பார்த்தவ நான். ஒரு மனுஷன் அம்பது வருஷத்துக்கு மேல பார்த்துப் பார்த்து வச்ச காரை பணமா மாத்தித்தான் ஆகணும்னு இல்ல.

டாக்ஸ்லயும் இது வேற மாதிரி வரும்னு கேள்விப்பட்டிருக்கேன், கணக்குப்பிள்ளை சார் சொல்லட்டும்.

கணக்குப்பிள்ளை:
அக்கா சொல்றது சரி. ஸ்தாபனம் காரை விக்காம தன்னோட வேலைக்கே உபயோகப்படுத்தினா முழு மார்க்கெட் மதிப்பையும் கழிக்கலாம். காலேஜ் அதை வச்சு பசங்களுக்கு பாடம் எடுக்குது, மியூசியம் காட்சிக்கு வைக்குதுன்னா அது சேரும். ஆனா 1098-சில அந்த ஸ்தாபனம் அதை எழுதிக் குடுக்கணும், 5,000க்கு மேலங்கறதால தகுதியுள்ள அப்ரைசர்கிட்ட தனியா அப்ரைசல் வாங்கணும், அது காரை குடுக்கற தேதிக்கு 60 நாளுக்கு மேல முன்னாடி எடுத்ததா இருக்கக் கூடாது, தானக் கழிவுக்கான 8283 ஃபார்ம்ல பி செக்‌ஷன்ல கையெழுத்து வாங்கணும். அதனால போன வருஷ இன்சூரன்ஸ் பேப்பர் இதுக்கு செல்லாது. 3 வருஷத்துக்குள்ள அவங்க காரை வித்தா ஐஆர்எஸ்ங்கற வரித் துறைக்கு 8282 ஃபார்ம்ல சொல்லியாகணும், கழிச்சதுல ஒரு பகுதி திரும்ப வருமானத்துல சேர வாய்ப்பு இருக்கு. அதனால எடுத்துக்கறதுக்கு முன்னாடியே, வச்சிருப்பீங்களா விப்பீங்களான்னு எழுத்துல கேளுங்க. நிறைய மியூசியம் வாங்கிட்டு வித்து நடத்துற செலவுக்கு எடுத்துக்குவாங்க, அது தப்பில்ல, ஆனா தெரிஞ்சு குடுக்கணும்.

இப்ப இந்த அம்மாவோட கணக்குக்கு வர்றேன், இங்கதான் எல்லாரும் விட்டுடறாங்க. வீட்டுக்காரர் 2025ல தவறினதால இந்த வருஷம் ரெண்டு பேர் பேர்லயும் சேர்த்து ஃபைல் பண்ணலாம். அப்படி பண்ணினா, செலவுக் கணக்கு காட்டாமலே கிடைக்கற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனே 31,500, ரெண்டு பேரும் 65 தாண்டினவங்கன்னா ஆளுக்கு 1,600 சேர்த்து 34,700. எதுவுமே குடுக்கலேன்னாலும் அது கிடைக்கும், ஆனா கார் தானத்தைக் கழிக்கணும்னா இதை விட்டுடணும், ரெண்டுல ஒண்ணுதான். 14,000 கழிவு வந்தா அதுக்கு அர்த்தமே இல்ல. முழு 38,000மே கழிச்சாலும், வேற பெரிய செலவு கணக்கு இல்லேன்னா, கூடுதலா கிடைக்கறது 3,300க்குத்தான், அதுலயும் வருமானத்துல இவ்வளவு சதவீதத்துக்கு மேல ஒரே வருஷத்துல கழிக்கக் கூடாதுன்னு வரம்பு வேற இருக்கு. ஆக டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்னு ஃபோன்ல சொன்னாங்களே, அந்தம்மாவுக்கு அதுல அனேகமா ஒண்ணும் இல்ல.

தம்பி, ஒரு கேள்வி. அவங்ககிட்ட ஐஆர்ஏ ஓய்வுக்கால அக்கவுண்ட் இருக்கா?

வுட்வர்ட்வாசி:
இருக்கு சார். வீட்டுக்காரரோட ஐஆர்ஏவும் இவங்க பேருக்கு மாத்தியாச்சு, வருஷா வருஷம் கட்டாயமா எடுக்க வேண்டிய தொகை வேற இருக்கு, அதுக்கு வரி கட்டறதை நினைச்சாலே அவங்களுக்கு வருத்தம்தான்.

கணக்குப்பிள்ளை:
அப்ப வழி கிடைச்சாச்சு. 70 வயசும் 6 மாசமும் தாண்டினவங்க ஐஆர்ஏலேர்ந்து நேரா தர்ம ஸ்தாபனத்துக்கு பணம் அனுப்பலாம், 2025க்கு 108,000 வரைக்கும். அந்தப் பணம் வருமானத்துலயே சேராது, அந்த வருஷம் கட்டாயமா எடுக்க வேண்டிய தொகைலயும் அது கணக்காகிடும். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்தாலும் இந்தப் பலன் முழுசா கிடைக்கும். ஒரே கண்டிஷன், செக் ஐஆர்ஏ கம்பெனிலேர்ந்து நேரா ஆஸ்பத்திரி பேர்ல போகணும், இவங்க அக்கவுண்டுக்கு வந்துட்டு போகக் கூடாது.

காரை வித்துடுங்க. டைட்டில் அவர் பேர்ல மட்டும் இருந்ததால, அவர் தவறின அன்னைக்கு என்ன மதிப்போ அதுதான் இப்ப இவங்களோட கொள்முதல் விலை, 1968ல குடுத்த மூவாயிரத்து சொச்சம் இல்ல. அதனால 38,000க்கு வித்தா லாபம்னு எதுவும் பெருசா வராது, வரியும் வராது. ரெண்டு பேர் பேர்லயும் இருந்திருந்தா பாதிக்குத்தான் இந்த சலுகை. கார் வித்த பணம் இவங்க கையில இருக்கட்டும், அதே தொகையை ஐஆர்ஏலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்கு முழுப் பணம், இவங்களுக்கு வரியும் மிச்சம். ஐஆர்ஏ கம்பெனிகிட்டயும் அவங்களோட சொந்த டாக்ஸ் ஆள்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு பண்ணுங்க.

கார்பரேட்டர்:
சார் இதே மாதிரி ஐஆர்ஏலேர்ந்து நம்ம ஊர்ல நான் படிச்ச ஸ்கூலுக்கு அனுப்ப முடியுமா? எங்கப்பா இங்க சிட்டிசன், 74 வயசு.

கணக்குப்பிள்ளை:
நேரா முடியாது. அமெரிக்கால 501(சி)(3)ங்கற வரிவிலக்கு தர்ம ஸ்தாபனப் பதிவு இருக்கற ஸ்தாபனமா இருக்கணும், ஐஆர்எஸ் வெப்சைட்லயே பேர் போட்டு தேடிப் பார்க்கலாம். இங்க பதிவு பண்ணி ஊர் ஸ்கூல்களுக்கு உதவற அமைப்புங்க இருக்கு, அது வழியா போகலாம்.

டக்கோமா_அக்கா:
பணக் கணக்கு எனக்கும் புரியுது, ஆஸ்பத்திரிக்கு முழுசா போகுதுன்னா சந்தோஷம்தான். ஆனா யாருக்கு விக்கறீங்கன்னு கொஞ்சம் பாருங்க தம்பி. அந்த 4 ஸ்பீட் மன்சி கியர்பாக்ஸும் ஹூட் டேக்கோமீட்டரும் தனித்தனியா கழட்டி வித்தாலே நல்ல காசு, அதுக்காகவே வாங்கறவங்க இருக்காங்க. அதிகமா குடுக்கறவனுக்குத்தான்னு போனா அந்த ரிஸ்க் இருக்கு.

மோப்பார்_மாமா:
அக்கா சொல்றது நியாயம். அதுக்குத்தான் கிளப் வழியா போகச் சொன்னேன். ஷூ டப்பாவோட சேர்த்து வாங்கறவன் பிரிச்சு விக்க மாட்டான், அந்தப் பேப்பருக்கு விலை குடுக்கறவனுக்கு முழு கார்தான் வேணும்.

வுட்வர்ட்வாசி:
தகவல் சொல்லிடறேன். கிளப்லேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க, ஃப்ரேம் நல்லாயிருக்கு, துரு நான் முன்னாடி சொன்ன ரெண்டு இடத்துல மட்டும்தான்னு சொன்னாங்க. அந்தம்மாகிட்ட மூணு வழியும் உக்கார வச்சு விளக்கினேன், காலேஜ் விஷயத்துல அவங்களுக்கு ரொம்ப ஆசை வந்துது, ஒரு நாள் பூரா யோசிச்சாங்க, ஆனா வீட்டுக்காரர் சொன்னது ஆஸ்பத்திரின்னு அதுல உறுதியா நின்னுட்டாங்க. கிளப்ல இருக்கற ஒரு அப்பாவும் மகளும் வாங்கறாங்க, 36,500. பொண்ணு கம்யூனிட்டி காலேஜ்ல ஆட்டோ மெக்கானிக் படிக்குது, பேரம் பேசறதை விட்டுட்டு அந்தப் பென்சில் நோட்டை எடுத்து பக்கம் பக்கமா படிச்சிட்டு இருந்துது. அந்தம்மா விலைய அங்கயே ஒத்துக்கிட்டாங்க. அதிகமா கேட்டிருக்கலாம்னு எனக்குத் தோணுது, ஆனா முடிவு அவங்களோடது.

ஐஆர்ஏ கம்பெனிக்கு ஃபார்ம் போயாச்சு, 36,500ம் ஆஸ்பத்திரி பேர்லயே செக். டைட்டில் மாத்தறதுக்கு செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீஸ் (மிச்சிகன்ல வண்டிப் பதிவு பார்க்கற ஆபீஸ்) போகணும், என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

ஒஹையோக்காரன்:
நல்லபடியா முடிஞ்சுது, ரொம்ப சந்தோஷம். அந்தம்மாவுக்கு நீங்க இருந்தது பெரிய விஷயம் தம்பி.

மோப்பார்_மாமா:
இறப்புச் சான்றிதழ், பழைய டைட்டில், அந்தம்மாவோட அடையாள அட்டை. ப்ரொபேட் (கோர்ட் வழியா சொத்து பிரிக்கறது) இல்லாத கேஸ்னா வாரிசுன்னு எழுதிக் குடுக்க டிஆர்-29னு ஒரு ஃபார்ம் இருக்கு, ஆபீஸ்லயே குடுப்பாங்க. வாங்கறவங்களையும் கூடவே கூட்டிட்டுப் போயிடுங்க, அங்கயே அவங்க பேருக்கு மாறட்டும், வாங்கறவர் பேரை காலியா விட்டு டைட்டிலை யார் கையிலயும் குடுக்காதீங்க. நம்பர் பிளேட்டைக் கழட்டி வச்சுக்கங்க, மிச்சிகன்ல அது காரோட போகக் கூடாது. இன்சூரன்ஸை பேர் மாறினப்புறம் கேன்சல் பண்ணுங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம். பிரேக் பிடிக்கலேன்னீங்களே, அந்தப் பொண்ணு ஆர்வத்துல ஓட்டிட்டுப் போறேன்னு சொல்லும், விடாதீங்க, ஃப்ளாட்பெட் ட்ரக்லயே ஏத்தி அனுப்புங்க.